பரந்தனுக்குப் போன உப்பு

கேள்வி: பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் என்னதான் செய்தார்கள்?
வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சினார்கள். எரிசோடா கரைசலில் தங்கும், குளோரின் வாயுவாகப் பிரியும். 100 கிலோ உப்பிலிருந்து ஏறத்தாழ 68 கிலோ எரிசோடாவும் 60 கிலோ குளோரினும் வரும். ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லை. இரண்டும் விலைப்பட்டால்தான் ஆலை ஓடும். எரிசோடா சவர்க்காரத்துக்கு வேண்டும். குளோரின்? வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாளியில் கரைத்து உங்கள் கிணற்றில் ஊற்றுகிறாரே, அந்த வெள்ளைத் தூள் நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வதுதான்.

ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்துத் (1948–53) திட்டங்களில் ஒன்று இந்தத் தொழிற்சாலை. 1950களில் எழுந்த ஆலையைப் போர் மூடிவிட்டது. அதே பெயர் தாங்கிய அரச நிறுவனம் பின்னர் குளோரினை இறக்குமதி செய்து விற்றது. கடலும் வெயிலும் உள்ள நாட்டில் இது எனக்குப் பொறுக்கவில்லை.

மினமாட்டா பாதரச நோயால் அடிபட்ட ஜப்பான், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் இத்தொழிலில் பயன்பட்ட பாதரசக் கலங்களை விலக்கியது. அசாகி நிறுவனம் 1975இல் நோபியோகாவில், பாதரசமின்றி ஒரு சவ்வால் எரிசோடாவையும் குளோரினையும் பிரித்துவைக்கும் சவ்வு முறையைத் தொடங்கியது. பரந்தனை மீண்டும் எழுப்பினால் அந்த முறையில்தான் எழுப்ப வேண்டும், மின்செலவும் குறையும்.