கொசுவை அறிந்து காய்ச்சலை வென்ற வரலாறு

குளிர் நடுக்கத்துடன் தொடங்கி, உடலைக் கொதிக்கச் செய்து, வியர்வையில் நனைத்துவிட்டு, மீண்டும் முறை வைத்துத் திரும்பும் மலேரியாக் காய்ச்சலை நம் முன்னோர் நன்கறிவர். காடழித்துத் தோட்டம் உருவாக்க வந்த தமிழர் பலர் இந்நோய்க்கு இரையாயினர். சதுப்பு நிலத்தின் தீய காற்றே இதற்குக் காரணமென மக்கள் நெடுங்காலம் நம்பினர். ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் ‘கெட்ட காற்று’ என்பதேயாகும்.

1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரன், நோயாளியின் இரத்தத்தில் நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டார். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கின்றது? இவ்வினாவுக்கு விடை தேடி, ரொனால்டு ராஸ் இந்தியாவில் கொசுக்களை அறுத்து ஆராய்ந்தார். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் அவ்வொட்டுண்ணியைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வுண்மையை மலாயாவில் செயற்படுத்திக் காட்டியவர் மருத்துவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. சதுப்புகள் வடிக்கப்பட்டன; புதர்கள் அழிக்கப்பட்டன; நோயும் தணிந்தது.

ஆனால், குன்றுப் பகுதிகளில் காட்டை அழித்தபோது காய்ச்சல் பெருகிற்று! காரணம் யாது? கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு, மரநிழலில் தேங்கிய நீரை நாடுவது. குன்றுகளில் நோய் பரப்பியதோ, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் வேறொரு வகை. ஆகவே, அங்கு நீரை நிலத்தடிக் குழாய்களில் வடிக்கவும், ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் பயன்தந்த முறை, வேறிடத்தில் தீங்காகலாம் என்பதே இதன் பாடம்.

மலேசியாவில் உள்ளூரிலேயே தொற்றும் மனித மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. ஆயினும் நாம் அயர்ந்துவிடலாகாது. குரங்குகளிடமிருந்து கொசு வழியே தொற்றும் ‘நோலெசி’ என்னும் மலேரியா, காட்டோரத்தில் உழைப்போரைத் தாக்கி வருகின்றது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலர் இதற்கு ஆளாகியிருந்தது 2004-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. இதன் ஒட்டுண்ணி 24 மணி நேரத்திற்கொரு முறை பெருகுவதால், தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, விடியுமுன் வேலைக்குச் செல்வோர் நீண்ட கைச்சட்டை அணிதல் நலம். இரவில் கொசுவலை வேண்டும். காய்ச்சல் கண்டால் மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். காட்டோரத்தில் வேலை செய்வதையும் மருத்துவரிடம் மறவாது கூறுவோம். அவ்வொரு சொல்லே நம் உயிரைக் காக்கக்கூடும்.