ஓவியத்தின் வயதைச் சொல்லும் ஈயம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பழம்பெரும் ஓவியம் ஒன்று மெய்யா, போலியா என்று எவ்வாறு அறிவது? கலை வல்லுநர் பார்த்துச் சொன்னால் போதும் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையை அசைத்த ஒரு வழக்கையும், அதில் வேதியியல் ஆற்றிய பணியையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாலந்து நாட்டு ஓவியர் வெர்மீர் 1632 முதல் 1675 வரை வாழ்ந்தவர். அவர் வரைந்தவையாகக் கிடைத்துள்ள படங்கள் நாற்பதுக்கும் குறைவு. 1937-இல் 'எம்மாவுஸில் இரவுணவு' என்னும் படம் வெளிப்பட்டது. அது வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று அறிஞர் பிரெடியஸ் எழுதினார். ராட்டர்டாம் அருங்காட்சியகத்திற்காகப் பெருந்தொகை கொடுத்து அதை வாங்கினர்.

உண்மையில் அதை வரைந்தவர் ஹான் வான் மீகெரன். பழைய படமொன்றின் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, அந்தத் துணியின் மீதே வரைந்தார். எண்ணெய் வண்ணம் முற்றிலும் இறுகப் பல்லாண்டுகள் ஆகும். புதிய வண்ணத்தை ஆல்கஹால் கரைத்துவிடும். ஆகவே ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினை வண்ணத்தில் கலந்து, படத்தைச் சூளையில் சூடேற்றினார். பழைய மின் சுவிட்சுகளில் நாம் கண்டிருக்கும் பேக்கலைட்தான் அது. வண்ணம் கல்லாய் இறுகியது; ஆல்கஹால் சோதனையும் ஏமாந்தது.

1945-இல் அவர் கைதானார். நாட்டின் செல்வமான வெர்மீர் படமொன்றை நாஜித் தலைவர் கோரிங்குக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. "அது வெர்மீர் அல்ல, நான் வரைந்தது" என்றார் அவர். எவரும் நம்பவில்லை. காவலர் முன்னிலையில் இன்னொரு படம் வரைந்து காட்டினார். பெல்ஜிய வேதியியலார் கோர்மான்ஸ் தலைமையிலான குழு, படங்களில் பேக்கலைட் வகைப் பிசின் இருப்பதைக் கண்டது. கோரிங் வாங்கிய படத்தில் கோபால்ட் நீலமும் இருந்தது. இது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான நிறமி, வெர்மீர் அறியாதது. 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டிசம்பரில் அவர் இறந்தார்.

அதன் பின்னும் 'எம்மாவுஸ்' மெய்யானதே என்று சிலர் வாதிட்டனர். 1960-களில் அமெரிக்க அறிஞர் கைஷ் வேறு வழி கண்டார். வெள்ளை நிறமியில் ஈயம் உண்டு. தாதுவிலிருந்து ஈயத்தைப் பிரிக்கும்போது ரேடியத்தின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். கதிரியக்கமுள்ள ஈயம்-210 தங்கிவிடும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள். 300 ஆண்டுகளில் அது 13 முறைக்கு மேல் பாதியாகக் குறைந்து, எஞ்சியுள்ள ரேடியம் ஈடுசெய்யும் அளவுக்கு இறங்கிவிடும். ஈயம்-210-இன் வழித்தோன்றலான பொலோனியத்தை அளந்தால் அதன் அளவு தெரியும். பழைய படத்தில் பொலோனியம், ரேடியம் இரண்டின் சிதைவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 'எம்மாவுஸ்' வண்ணத்தில் ஒரு கிராம் ஈயத்துக்கு நிமிடத்திற்குப் பொலோனியம் 8.5, ரேடியம் 0.8! வித்தியாசம் 7.7. அந்த ஈயம் 300 ஆண்டுப் பழையதானால், தொடக்கத்தில் இந்த மிகுதி 60 ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அது நம்பத்தக்கதன்று. படம் புதியதே.

ஒன்றை மறக்கலாகாது. இரண்டு எண்களும் சமமாக இருந்தால் ஈயம் பழையது என்று மட்டுமே பொருள். வரைந்தவர் வெர்மீர் என்று பொருளன்று. 'அல்ல' என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வு, 'ஆம்' என்பதற்குக் கலை வரலாற்றின் துணையை நாடுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் ஒரு செய்தி மெய்யா என்று கேட்டால், "பெரியவர் சொன்னார்" என்பதே விடை. பிரெடியஸும் பெரியவர்தான், பொய்யரும் அல்லர். ஆயினும் தவறினார். நம் ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்ததும் மஞ்சள் வீழ்படிவு தோன்றினால் ஈயம் என்று எழுதுகிறோம். சோதிப்பவர் பேராசிரியரானாலும் கூலித் தொழிலாளியின் மகனானாலும் நிறம் மாறுவதில்லை. "கெமிஸ்ட்ரி படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் என் தந்தையாருக்கு, வேலையோடு இதையும் சேர்த்தே இனி விடை சொல்வேன்.