வெற்றிலையும் புகையிலையும்

நாமக்கல் மாவட்டத்தில், காவிரியாற்றின் வடகரையில் அமைந்துள்ள ஊர் பரமத்தி வேலூர். இராசவாய்க்காலின் நீர் பாயும் அவ்வூர்ப் பகுதியில், அகத்தி மரங்களைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடிக்கால்கள் கண்ணுக்கு இனிய காட்சி தருவன. திருமணத்தில் தாம்பூலம் மாற்றுவதும், விருந்தினர்க்கு வெற்றிலை நல்குவதும் தமிழர்தம் பழைய வழக்கங்கள் அல்லவா?

அவ்வெற்றிலைத் தட்டில் பிற்காலத்தே வந்து புகுந்தது புகையிலை. அமெரிக்கக் கண்டத்திற்குரிய இச்செடியைப் போர்ச்சுகீசியர் நானூறு ஆண்டுகட்கு முன்பே நம் நாட்டிற்குக் கொண்டுவந்தனர். மங்கலப் பொருளோடு கூடி வந்தமையால், அதன் நஞ்சைப் பலர் உணராது போயினர். பாக்கும் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று இக்கால ஆராய்ச்சி காட்டுகிறது. அதனோடு புகையிலையும் சேர்ந்தால் கேடு பெருகும் என்பதில் ஐயமில்லை.

புகையிலையில் நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அது மூளையைத் தன்வயப்படுத்தி, மீண்டும் மீண்டும் வேண்டுமென ஏங்கச் செய்யும். புகையிலையை மெல்லுவோர்க்கு வாய்ப்புற்றும், புகைப்போர்க்கு நுரையீரற் புற்றும் மாரடைப்பும் நேர்தல் கூடும். ஒருவர் விடும் புகை அருகிலுள்ள குழந்தையின் நுரையீரலையும் தாக்கும். உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் புகையிலையால் மாள்கின்றனர்.

இக்கேட்டைத் தடுக்க நம் நாடாளுமன்றம் 2003-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி பொதுவிடங்களில் புகைத்தல் குற்றம். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலும் குற்றம். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத் தொலைவிற்குள் அதனை விற்றலும் கூடாது. 2016 முதல் சிகரெட்டு, பீடிக் கட்டுகளின் மேற்புறத்தில் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் நிறைக்கின்றது.

பயன் விளைந்ததா? 2009-10-இல் இந்தியாவில் வயது வந்தோருள் 34.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17-இல் அது 28.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் தமிழ்நாட்டில் அது 16.2 விழுக்காட்டிலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்தது. நாடு தாழ்த்திய சுமையை நம் மாநிலம் ஏற்றிக்கொண்டது வருந்தத்தக்கதே.

சட்டம் எட்டாத இடங்கள் பல உள. கட்டின்மேல் அச்சிட்ட படம், கடையில் ஒற்றைச் சிகரெட்டை வாங்குவோன் கண்ணிற் படுவதில்லை. வீட்டுத் திண்ணையில் பொடியாகவும் துண்டாகவும் கைமாறும் புகையிலைமீது எவ்வெச்சரிக்கையும் இல்லை. கடைக்குச் சென்று வாங்கிவருமாறு சிறுவரை ஏவும் பெரியோரும் உளர். பழக்கம் இவ்வாறே ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்கின்றது.

மாணவர்களே! இப்பழக்கத்திற்கு அடிமையானோரை இகழாதீர். அவர்கள் நோயுற்றோர் போன்றவர். மருத்துவர் துணையுடன் மீள இயலும் என்பதை அன்போடு எடுத்துக் கூறுங்கள். வாங்கிவரப் பணித்தால், பணிவோடு மறுத்திடுங்கள். விருந்தினரைப் போற்றும் பண்பு நம்முடையது; அப்பண்பைக் காப்போம். அதனுள் மறைந்து வந்த நஞ்சை அகற்றுவோம். சட்டம் காப்பது பள்ளியைச் சுற்றி 100 கெஜம்; அதற்கு அப்பால் நம்மைக் காப்பது நம் மனவுறுதியே.