பழைய கார் ஷெட்டை ரூமா மாத்தினோம்: 2.5 லட்சத்துல உண்மையில எது மிச்சம்?



போன மாசம் வீடியோவுல எங்க ஊர் வீட்டை ரெண்டு நிமிஷம் காட்டினேன். தியாகதுருகத்துல, மலைக்கோட்டை தெரியற மாதிரி ஒரு ஜன்னல். "அக்கா, அந்த ரூம் கட்ட எவ்வளவு ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. அது புதுசா கட்டின ரூம் இல்லை. அப்பாவோட பழைய கார் ஷெட்.

இன்னைக்கு அதோட முழுக் கணக்கையும் திறந்து வைக்கிறேன். நான் சி.ஏ.ங்கிறதால ஒவ்வொரு பில்லையும் எடுத்து வெச்சிருந்தேன். முடிவில் வந்த விடை நான் எதிர்பார்த்தது இல்லை.

பிரச்சினை எங்கே ஆரம்பிச்சது?

என் தம்பிக்குச் சென்னைக் கம்பெனியில வேலை. மாசத்துல பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. கையில் வர்ற சம்பளம் 42,000. கல்யாணம் நிச்சயமாச்சு. வீட்டில் இருப்பது ரெண்டே ரூம். அவன் போட்ட திட்டம்: மாடியில ஒரு ரூம், பாத்ரூம். கட்டட மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு 4,80,000. அதுக்கு பெர்சனல் லோன்.

அப்பா 2019-ல கார் ஓட்டுறதை நிறுத்திட்டு வண்டியை வித்துட்டார். அதிலிருந்து ஷெட்டுல இருந்தது நெல் மூட்டை, உடைஞ்ச சைக்கிள், பழைய பாய். அளவு 18 அடிக்கு 11 அடி, அதாவது 198 சதுர அடி. மூணு பக்கம் செங்கல் சுவர், அஸ்திவாரம், சிமெண்ட் தரை எல்லாம் ஏற்கெனவே இருக்கு. "இதை ஏன் ரூமா மாத்தக் கூடாது?"ன்னு கேட்டேன். "மாப்பிள்ளையை ஷெட்டுல படுக்க வைக்கிறதா?"ன்னு அம்மாவுக்குக் கோபம். அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லாம டேப் எடுத்துட்டு வந்து உயரத்தை அளந்தார்.

முதல் பாடம்: அளவு, அனுமதி

ஷெட்டுக்கும் ரூமுக்கும் மூணு வித்தியாசம் உண்டு.

ஒண்ணு, தரை. வண்டி கழுவின தண்ணி வெளியே ஓடணும்னு ஷெட் தரையை வாட்டமா, தாழ்வா போட்டிருப்பாங்க. அப்படியே விட்டா மழைக்குத் தண்ணி உள்ளே வரும், சுவர்ல ஓதம் ஏறும். நாங்க 9 அங்குலம் உயர்த்தினோம்.

ரெண்டு, உயரம். குடியிருக்கிற அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. அதாவது சுமார் 9 அடி. எங்க சுவர் 10 அடி. தரையை உயர்த்தின பிறகும் 9 அடி 3 அங்குலம் மிச்சம் இருந்துச்சு. உங்க ஷெட் 9 அடி தான்னா, கூரையையும் உயர்த்தணும். செலவு வேற கணக்காயிடும்.

மூணு, காகிதம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி வீட்டுக்கு வண்டி நிறுத்துமிடமும், சுற்றிலும் விட வேண்டிய காலி இடமும் உண்டு. வரைபடத்துல அந்த இடம் 'வாகன நிறுத்தம்'னு இருந்தாலோ, ஷெட் அந்தக் காலி இடத்துல நின்னாலோ, முதல்ல பேரூராட்சி அலுவலகத்துல கேட்டுட்டுத்தான் செங்கல் வாங்கணும். சொத்து வரியும் மாறும். நாளைக்கு அந்த வீட்டை அடமானம் வெச்சு லோன் கேட்டா, வங்கி முதல்ல கேட்கிறது அனுமதி பெற்ற வரைபடம்.

பழைய பொருள்: ஏழை வீட்டு வேலை இல்லை

பழைய வீட்டை இடிக்கிற இடத்துல கதவு, ஜன்னல், ஓடு வாங்கறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு இடம் சொல்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காடு பக்கம் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தாங்க. தென்னிந்தியாவின் பல ஊர்கள்ல இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரிச்சு, கொண்டு வந்து, மறுபடி கட்டி வெச்சிருக்காங்க. மொத்தம் 18 வீடுகள். அதுல செட்டிநாட்டு வீடும் உண்டு.

அந்த வளாகத்தை வடிவமைச்சவர் லாரி பேக்கர். இங்கிலாந்துல பிறந்து, கேரளத்துல வாழ்ந்து, 1990-ல் பத்மஸ்ரீ வாங்கினவர். கான்கிரீட் தளத்தோட கீழ்ப்பகுதியில பழைய ஓடுகளைச் செருகி, சிமெண்டையும் கம்பியையும் குறைக்கிற முறையை நம்ம பக்கம் பரவலாக்கினவர். அவர் கட்டின வீடுகள்ல பழைய கதவும் ஜன்னலும் சாதாரணமா இருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதுக்குன்னே கடைகள் வரிசையா இருக்கு. ஆனா நாங்க அங்கே போகலை. தியாகதுருகத்துலேருந்து 200 கி.மீ.க்கு மேல. ஒரு கதவுக்கு வண்டி வாடகை கொடுத்தா, மிச்சம் பெட்ரோல் பங்குக்குத்தான் போகும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் சுத்துவட்டாரத்துல இடிக்கிற வீடுகளை அப்பா ரெண்டு மாசம் விசாரிச்சுக்கிட்டே இருந்தார்.

முழுக் கணக்கு

பழைய பொருள்:
- தேக்குக் கதவு, நிலையோடு: 9,000
- மர ஜன்னல் 2, கம்பியோடு: 7,000
- மங்களூர் ஓடு 400: 6,000
- செங்கல் 1,500: 7,500
- கூரைக்கு இரும்புக் குழாய் 300 கிலோ: 13,500
- மொத்தம்: 43,000

புதுப் பொருள்:
- சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி: 30,000
- ஒயர், சுவிட்ச், எம்.சி.பி.: 16,000
- பாத்ரூம் குழாய், டைல்ஸ், சாமான்: 34,000
- தரை டைல்ஸ்: 14,000
- பெயிண்ட், வார்னிஷ்: 9,000
- மொத்தம்: 1,03,000

கூலி:
- கொத்தனார், சித்தாள்: 58,000
- ஆசாரி: 14,000
- வெல்டர்: 11,000
- எலக்ட்ரீஷியன், பிளம்பர்: 13,000
- மொத்தம்: 96,000

வண்டி வாடகை: 8,000

ஆக மொத்தம்: 2,50,000

இப்போ கவனிங்க. பழைய பொருளுக்கு ஆன செலவு மொத்தத்துல 17 சதவீதம் தான். அதே அஞ்சு பொருளையும் புதுசா வாங்க விலை கேட்டேன். 96,000 வந்துச்சு. அப்போ மிச்சம் 53,000-ஆ? இல்லை. செங்கல்ல ஒட்டின காரையைத் தட்டி எடுக்க ஆள், கதவை இழைக்க ஆசாரிக்குக் கூடுதல் நாள் எல்லாம் சேர்த்து கூலி 12,000 கூடுதல். அங்கங்கே போய் ஏத்தி வந்ததுல வண்டி வாடகை 5,000 கூடுதல். கழிச்சா உண்மையான மிச்சம் 36,000.

அப்போ பெரிய மிச்சம் எங்கே? எல்லாமே புதுப் பொருளா வாங்கி ஷெட்டை மாத்தியிருந்தாலும் 2,86,000 தான் ஆகியிருக்கும். மாடி ரூமுக்கு 4,80,000. வித்தியாசம் 1,94,000. அது ஏற்கெனவே நின்ன சுவரும் அஸ்திவாரமும் கொடுத்த மிச்சம்.

சுருக்கமா: பழைய கதவு ஆயிரங்களை மிச்சம் பிடிக்கும். பழைய இடம் லட்சங்களை மிச்சம் பிடிக்கும். இணையத்துல எல்லாரும் கதவைத்தான் போட்டோ எடுத்துப் போடறாங்க.

நான் செஞ்ச தப்பு

கொத்தனார் நாள் வீணாகக் கூடாதுன்னு, கதவு வாங்கறதுக்கு முன்னாடியே முன்பக்கச் சுவரைக் கட்டச் சொன்னது நான். ஏழடிக்கு மூணடி வழக்கமான அளவு விட்டாங்க. கிடைச்ச கதவு அதைவிட உயரம் கம்மி, அகலம் அதிகம். கட்டின சுவரை உடைச்சோம். மேலே சொன்ன 12,000 கூடுதல் கூலியில அந்த ஒரு நாளும் அடக்கம். பழைய பொருள்னா, முதல்ல கதவு, அப்புறம் சுவர்.

எதைப் பழசா வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

வாங்கலாம்: கதவு, ஜன்னல், ஓடு, செங்கல், தரைக்கல். ரெண்டு செங்கல்லை மோதிப் பாருங்க, கணீர்னு சத்தம் வரணும். நிலையோட அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா செல்லரிச்சது, விட்டுடுங்க. இரும்புக் குழாயை வெல்டர் பார்த்து, துரு உள்ளே தின்னலைன்னு சொன்ன பிறகு எடைக்கு வாங்குங்க.

வாங்கவே கூடாது: ஒயர், சுவிட்ச், எம்.சி.பி., தண்ணிக் குழாய், தளத்துக்குப் போடற கம்பி. இதுல மிச்சம் பிடிக்கிறது சில ஆயிரம், போறது உயிர்.

ரெண்டு எச்சரிக்கை. ஷெட் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா உடைக்காதீங்க, அறுக்காதீங்க. அதன் தூசு புற்றுநோய் உண்டாக்கும். தண்ணி தெளிச்சு, முழுசா இறக்கணும். அடுத்தது, பழைய கதவு பெயிண்ட். பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம்ம நாட்டில் வந்தது 2017 நவம்பர்ல தான். அதுக்கு முந்தின பெயிண்டைக் காய்ஞ்சபடி சுரண்டாதீங்க. ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திட்டு சுரண்டுங்க.

பணம் எங்கிருந்து?

தம்பி லோன் எடுக்கத் தயாரா இருந்தான். 2,50,000 பெர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 36 மாசம்னு வைங்க. இ.எம்.ஐ. சுமார் 8,545. மொத்த வட்டி ஏறத்தாழ 57,600. பழைய பொருள் தேடி அப்பா ரெண்டு மாசம் அலைஞ்சு மிச்சம் பிடிச்சது 36,000. அதை முழுசா வட்டி விழுங்கிட்டு, மேலே 21,600 கேட்கும்.

அதனால வேலையை ஏழு மாசமா பிரிச்சோம். முதல்ல தரை, கூரை. அடுத்து முன்சுவர், கதவு. கடைசியா பாத்ரூம், டைல்ஸ். தம்பி மாசம் 20,000 வீதம் 1,40,000. போனஸ் 40,000. அப்பாவோட முதிர்ந்த எஃப்.டி. 70,000. அவனோட அவசர நிதி 1,50,000-ஐ யாரும் தொடலை. இடையில நாலு வாரம் வேலை நின்னுச்சு. "கல்யாணத்துக்குள்ள முடியுமா?"ன்னு அம்மா தினமும் கேட்டாங்க. நிச்சயமா லோனை விட அது கஷ்டம் தான். ஆனா கல்யாணம் ஆகி முதல் மாசச் சம்பளத்துல இ.எம்.ஐ. பிடிக்கலை.

வரி: ஆசைப்படாதீங்க

வீடு அப்பா பேர்ல. தம்பி லோன் எடுத்திருந்தாலும், வட்டிக்கு அவனால வரிச் சலுகை கேட்க முடியாது. அந்தக் கழிவு வீட்டு உரிமையாளருக்குத்தான். சொந்த வீட்டிலேயே நீங்க குடியிருந்தாலும், பழுது பார்க்க, புதுப்பிக்க எடுத்த கடனுக்குப் பழைய வரி முறையில வருஷம் 30,000 வரைதான். புதிய வரி முறையில் குடியிருக்கிற வீட்டுக்கு அதுவும் இல்லை.

"அப்பாவுக்கு வாடகை கொடுத்து எச்.ஆர்.ஏ. எடுக்கலாமா?"ன்னு தம்பி கேட்டான். பழைய முறையில, நிஜமா வாடகை கொடுத்து, அப்பா அதை வருமானமா காட்டினா எடுக்கலாம். ஆனா 2025-26 நிதியாண்டில் புதிய முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அவன் சம்பளத்துக்கு வரி சைபர். சைபர்ல எதை மிச்சம் பிடிக்கிறது?

பில் மட்டும் பத்திரமா வைங்க. நாளைக்கு வீட்டை வித்தா, இந்த மாதிரி மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயத்துல கழிக்கலாம். இடிக்கிற வீட்டுல ரொக்கமா கொடுத்து வாங்கினா பில் வராது. குறைஞ்சது கையெழுத்து வாங்கின ரசீதும், முடிஞ்சா யு.பி.ஐ. பரிமாற்றமும் இருக்கட்டும்.

கடைசியா, கஷ்டமான பேச்சு

தம்பி போட்டது 1,80,000. வீடு அப்பா சுயமா சம்பாதிச்சது. உயில் இல்லாம இருந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நான் மூணு பேருக்கும் சம பங்கு. ரூம் கட்டினதால தம்பிக்குக் கூடுதல் பங்கு தானா வராது. அதாவது அவன் பணத்துல மூணில் ஒரு பங்கு எனக்கு வரும். அது எனக்கு உறுத்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். "இப்பவே இதெல்லாம் எதுக்கும்மா?"ன்னு அப்பா கேட்டார். "இப்ப சிரிச்சுக்கிட்டே பேசலாம்பா, அப்புறம் முடியாது"ன்னேன். தம்பி கொடுத்தது கடனா, அன்பளிப்பாங்கிறதை எழுதிக்கிட்டோம். மகன் அப்பாவுக்குக் கொடுக்கிற அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனா அன்பளிப்புன்னா திரும்பக் கேட்க முடியாது. எங்க வீட்டில் 'கடன்'னு எழுதினோம். அப்பா உயிலும் எழுதிட்டார்.

உங்க வீட்டில் என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். பெற்றோர் வீட்டுல பணம் போடற ஒவ்வொருத்தரும், முதல் செங்கல் இறங்கறதுக்கு முன்னாடி இந்தப் பேச்சைப் பேசிடுங்க.

கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி வேலை முடிஞ்சது. அம்மா இப்ப மத்தியானத் தூக்கம் தூங்கறது அந்த ரூம்ல தான்.

இந்த வார வேலை: உங்க வீட்டில் சும்மா கிடக்கிற ஒரு இடத்தோட நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுங்க. பக்கத்துல, வீடு யார் பேர்லன்னு எழுதுங்க. இந்த நாலு விவரம் கையில இருந்தா, மேஸ்திரிகிட்டயும் வங்கிகிட்டயும் பேச்சு வேற மாதிரி இருக்கும்.

அடுத்த பதிவுல சந்திப்போம்!