தாஊனும் வபாவும்

மக்களை வாரிக்கொண்டு போகும் பிணியை நாம் கொள்ளை நோய் என்கிறோம். அரபியில் இதற்கு வபா, தாஊன் என இரு சொற்கள் உண்டு. வபா, ஊரெங்கும் பரவும் நோய்க்குப் பொதுப்பெயர். தாஊனோ, ஈட்டியால் குத்துதல் எனப் பொருள்படும் 'தஅன்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி கிளம்பி ஆளைச் சாய்க்கும் பிளேக் நோயைக் குறிப்பது. ஆகவே தாஊன் எல்லாம் வபாவே. வபா எல்லாம் தாஊன் அல்ல என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள்.

பெயர் எதுவாயினும் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு முன்மாதிரி இருக்கிறது. ஷாம் நாட்டில் தாஊன் பரவியதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்க, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவேண்டாம், இருக்கும் ஊரில் நோய் வந்தால் அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவிக்க, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். மக்களோடு ஷாமிலேயே தங்கிய அபூ உபைதா (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 18-ல் (கி.பி. 639) அம்வாஸ் தாஊனில் உயிர் நீத்தார்கள்.

முன்னெச்சரிக்கை ஈமானின் குறைவு என எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.