அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளும் பயிற்சி வேலை அனுமதியும்



பெர்மிட் என்னும் சொல்லை நமது கடைத்தெருவுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1953-ம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் குடியேற்றச் சட்டம் இறுகிய கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1968-ல் மலேசியாவில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜா உரிமை பெறாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்கலாகாது என்றார்கள். பல்லாண்டு காலம் ஒரே கடையில் கணக்கு எழுதியவர்களும் சரக்கு நிறுத்தவர்களும் பெட்டி கட்டி, ரஜூலா கப்பலேறி ஊர் திரும்பினர். அவர்கள் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. உழைத்தார்கள், ஆனால் கையில் தாள் இல்லை.

இன்று அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் டாலர் கட்டி அமெரிக்காவில் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கும் ஒரு தாள் உண்டு. அதைப் பற்றித் தகப்பன்மாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் நேர்ந்தது.

சில காலத்துக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவர் முகம் வாடிச் சங்கத்துக்கு வந்தார். அவர் மகன் அங்கே மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். படிப்போடு சேர்ந்த கோடைகாலப் பயிற்சி வேலை ஒன்று அவனுக்குக் கிடைத்தது. மனுவும் கொடுத்துவிட்டான். உத்தரவு வருமுன் கம்பெனி மேலாளர், "திங்கட்கிழமையே வந்துவிடு, தாள் பின்னால் வரட்டும்" என்றார். பையன் போய் உட்கார்ந்தான். ஒன்பது நாள் கழித்து உத்தரவும் வந்தது. யாரும் கேட்கவில்லை. பருவ முடிவில் அவனே பேராசிரியருக்கு எழுதிய பயிற்சி அறிக்கையில், வேலை தொடங்கிய தேதியை உள்ளபடியே குறித்திருந்தான். அந்த ஒன்பது நாளுக்காக அவனுடைய மாணவர் பதிவு ரத்தாகி, படிப்பைப் பாதியில் விட்டு வீடு வந்து சேர்ந்தான். மூன்று ஆண்டுக் கட்டணம் போயிற்று என்று தகப்பனார் சொல்லவில்லை. "நான்தான் போகச் சொன்னேன். முதலாளி கூப்பிட்டால் நாளை என்று சொல்லாதே என்று சொல்லி வளர்த்தவன் நான்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை; நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் அந்நாட்டுச் சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது.

படிப்பையும் வேலையையும் இணைக்கும் இந்த ஏற்பாடு அங்கே பழையது. 1906-ம் ஆண்டில் சின்சினாட்டிப் பல்கலைக் கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் ஆசிரியர், 27 மாணாக்கரை வகுப்பறையிலும் தொழிற்சாலையிலுமாக மாற்றி மாற்றிப் பயிற்றினார். கடைப்பையனாகச் சேர்ந்து, தராசு பிடித்து, சிட்டை எழுதி, பின்பு தனிக்கடை வைத்த நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. வேற்றுமை ஒன்றுதான்: அங்கே படிக்கும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சியும் சட்டத்தின் கண்ணில் வேலையே. ஆகவே அனுமதி வேண்டும்.

மாணவர் விசாவை எப்-1 என்பார்கள். அதில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்குள் நூலகத்திலோ சிற்றுண்டிச் சாலையிலோ படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே கால் வைத்தால் தனி அனுமதி வேண்டும். பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக அமைந்த பயிற்சி வேலைக்கு உரிய அனுமதியைச் சுருக்கமாகச் சி.பி.டி. என்கிறார்கள். வேலை, மாணவன் எடுத்துள்ள முதன்மைப் பாடத்தைச் சார்ந்ததாக இருக்கவேண்டும். கணக்கியல் படிக்கிறவன் கணக்காளர் அலுவலகத்துக்குப் போகலாம்; ஓட்டலில் பரிமாறப் போகலாகாது.

இதற்கு முன் நிபந்தனை ஒன்று உண்டு. பிள்ளை ஒரு முழுக் கல்வியாண்டு அமெரிக்காவில் முழுநேர மாணவனாக முறைப்படி படித்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பயிற்சியைக் கட்டாயமாக்கிய மேற்பட்டப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆங்கில மொழி பயிலும் வகுப்பில் மட்டும் சேர்ந்தவருக்கு இந்த அனுமதியே கிடையாது. நம் பெற்றோரில் பலர் சிக்கனம் கருதி, முதல் இரண்டு ஆண்டைக் கோலாலம்பூர் பக்கத்துக் கல்லூரிகளின் அமெரிக்கப் பட்ட வகுப்பில் படிக்கவைத்து, மூன்றாம் ஆண்டில் அனுப்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆயினும் இங்கே படித்த ஆண்டுகள் பாடக் கணக்கில் சேருமேயன்றி, இந்த ஓராண்டுக் கணக்கில் சேரா. போன முதல் கோடையிலேயே பயிற்சிக்குப் போய்விடலாம் என்று எண்ணியிருப்பவர், விமானம் ஏறுமுன் இதைக் கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

இனி விண்ணப்பிக்கும் முறை. சர்க்கார் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் வேலை இதில் இல்லை; சர்க்காருக்குக் கட்டணமும் இல்லை. அதிகாரம் கல்லூரியில் உள்ள அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் இருக்கிறது. மாணவன் முதலில் கம்பெனியிடமிருந்து வேலைக் கடிதம் வாங்க வேண்டும். கம்பெனியின் பெயர், வேலை செய்யும் இடத்தின் விலாசம், செய்யப்போகும் காரியம், வாரத்துக்கு எத்தனை மணி, தொடங்கும் தேதி, முடியும் தேதி ஆகிய யாவும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். பிறகு, இந்தப் பயிற்சி பாடத்தின் பகுதியே என்று அவனுடைய துறை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதற்கென்று ஒரு பாடத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள். அதற்குக் கல்லூரி தனிக் கட்டணம் கேட்கக்கூடும். மகன் திடீரென்று பணம் கேட்டு எழுதினால், "சம்பளம் வாங்கப் போகிறவனுக்கு எதற்குப் பணம்" என்று கோபித்துக் கொள்ளாதீர்கள்.

இவை சேர்ந்தபின் அலுவலர் சர்க்காரின் மாணவர் பதிவேடாகிய செவிஸில் அனுமதியை ஏற்றி, புதிய ஐ-20 தாளைக் கொடுப்பார். அதன் இரண்டாம் பக்கத்தில் கம்பெனியின் பெயரும் இரண்டு தேதிகளும் அச்சாகியிருக்கும். அதுவே அனுமதி, வேறு அட்டை எதுவும் வராது. இதற்கு ஆகும் காலம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆதலால் முந்திய பருவத்திலேயே வேலையைத் தேடி மனுவைக் கொடுத்துவிடுவது நலம்.

அந்த இரண்டு தேதிகளைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். முதல் தேதிக்கு முன் ஒரு மணி நேரமும் கூடாது. கடைசித் தேதிக்குப் பின், "மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ" என்று மேலாளர் கெஞ்சினாலும் கூடாது. தொடர வேண்டுமானால், முடியுமுன்பே புதிய அனுமதி பெறவேண்டும். கம்பெனி மாறினால் அதற்கும் தனி அனுமதி. ஒரு கம்பெனிக்கு எழுதிய தாளைக் கொண்டு இன்னொரு கம்பெனியில் நுழைவது, ஒருவர் பேருக்கு எழுதிய உண்டியலை இன்னொருவர் மாற்ற முயல்வது போன்றது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மாணவர் நிலையை இழந்த பிள்ளை, குறைந்த பாடம் எடுத்தது போன்ற சில தவறுகளுக்குத் தக்க காரணம் காட்டி, நிலையைத் திரும்பத் தருமாறு சர்க்காரிடம் மனுச் செய்ய வழியிருக்கிறது. ஆனால் அந்த மனுவை ஏற்பதற்கான நிபந்தனைகளிலேயே, மனுதாரர் அனுமதியில்லாத வேலை செய்திருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றக் குற்றத்துக்கு வாசல் இருக்கிறது. இதற்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. நம் அங்கத்தினரின் மகனுக்கு நேர்ந்தது இதுவே.

சம்பளமில்லாமல் செய்தால் வேலையாகாது என்று நினைப்பவர்களும் உண்டு. சட்டம் கூலி என்று மட்டும் சொல்லவில்லை. வேறு எந்த வகைப் பிரதிபலனையும் சேர்த்தே சொல்கிறது. நியூயார்க்கிலோ சிக்காகோவிலோ மாமா ஒருவர் உணவு விடுதி நடத்துவார். "தங்க இடமும் சாப்பாடும் தருகிறேன், சனி ஞாயிறு கல்லாவில் உட்காரு" என்பார். பாசத்தினால் சொல்வதுதான். ஆனால் அந்தச் சோறும் பாயும் கூலியாகவே எண்ணப்படும். அதுபோலவே, நம் கடைச் சரக்கை அங்கிருந்து பையன் விற்றுக் கொடுப்பதும் வேலையே. அவன் பேரில் நம் கம்பெனியில் பங்கு இருந்து இலாபம் சேர்வது ஒன்று; அவன் அங்கே உட்கார்ந்து வியாபாரம் நடத்துவது வேறு.

இன்னொரு வகை ஆபத்து ஏஜெண்டுகளால் வருகிறது. சேர்ந்த முதல் நாளே பயிற்சி அனுமதி தருகிறோம், வகுப்புக்கு வரவேண்டியதில்லை, பணம் மட்டும் கட்டுங்கள் என்று ஆசை காட்டுவார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. குடியேற்ற அதிகாரிகளே மாறுவேடத்தில் நடத்திய பொறி அது என்பது 2019 ஜனவரியில் வெளியாயிற்று. ஆள் சேர்த்துக் கொடுத்த 8 தரகர்கள் மீது வழக்குப் போட்டார்கள்; பணம் கட்டிய இந்திய மாணாக்கர் பலர் பிடிபட்டு நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சர்க்கார் அப்படி வலை விரித்தது நியாயமா என்று அந்நாட்டிலேயே வாதம் நடந்தது. நமக்கும் அது உவப்பான செயலாகத் தோன்றவில்லை. என்றாலும், வகுப்பே இல்லாத கல்லூரி என்று கேட்டவுடன், நிறுக்காமலே எடை சொல்லும் கடைக்காரனை நாம் என்ன நினைப்போமோ அதையே நினைத்திருக்கலாம்.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ம் வசனம் பணிப்பதை நாம் அறிவோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதாவின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. விசாவும் நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தமே. பேச்சை நம்பிப் போகாமல் எழுத்துக்குக் காத்திருப்பதைக் கோழைத்தனம் என்று பிள்ளை நினைக்காதபடி அவனுக்குச் சொல்லி அனுப்புவது தகப்பனின் பொறுப்பு.

அனுமதி வந்தபின் உள்ள காரியங்கள் எளியவை. சம்பளம் வாங்க சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். வேலை தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்குள் அதற்கு மனுக் கொடுக்கலாம். கம்பெனியில் சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் ஐ-9 என்னும் பாரத்தைத் தாள்களைக் காட்டிப் பூர்த்தி செய்வார்கள். வாரம் 20 மணிக்கு மேற்பட்டது முழுநேரம். முழுநேரப் பயிற்சி மொத்தம் 12 மாதத்தை எட்டினால், அதே பட்டத்தின் பேரில் பிறகு கிடைக்கக்கூடிய 12 மாத ஓ.பி.டி. வேலை அனுமதி இல்லாமற் போகும். ஆகவே பதினொரு மாதத்தோடு நிறுத்திக் கொள்வது புத்திசாலித்தனம். பகுதிநேரப் பயிற்சி இந்தக் கணக்கில் வராது.

பெருநாளுக்கு வீடு வரும் பிள்ளை, ஐ-20 தாளில் பிரயாணக் கையெழுத்து வாங்கி வருகிறானா என்று கேளுங்கள். படிக்கும் மாணவருக்கு அது ஓராண்டு செல்லும். விசா தீர்ந்திருந்தால் ஜாலான் துன் ரசாக்கிலோ, சிங்கப்பூரில் நேப்பியர் ரோட்டிலோ உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பயிற்சி அனுமதி அச்சான ஐ-20-ஐயும் வேலைக் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாயும் கருவாட்டுப் பொட்டலமும் இருக்கும் பெட்டிக்குள் அவை போக வேண்டாம்.