தோட்டத்துப் பேச்சை மாற்றி எழுதாதே

ஹட்டன்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போட்டிக்கு அனுப்பிய நாடகத்தை, "தோட்டத்துப் பேச்சு மேடைக்கு ஒத்துவராது, நல்ல தமிழில் எழுதி வா" என்று திருப்பிவிட்டார்களாம். நீயும் மாற்றி எழுத உட்கார்ந்துவிட்டாயாம். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு மனிதரின் கதையைக் கேள்.

ஜாக் டேவிஸ் என்ற நாடகாசிரியர் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் நூங்கார் இனத்தவர். 1917இல் பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். பதின்ம வயதில், பூர்வகுடிகளை அரசாங்கம் அடைத்துவைத்திருந்த மூர் ரிவர் குடியிருப்பில் சில மாதங்கள் கிடந்தார். பிறகு மாட்டுப் பண்ணைகளில் கூலி வேலை. முதல் கவிதைத் தொகுதி 1970இல்தான் வந்தது, அப்போது அவருக்கு 53 வயது. பேர் சொல்லும் நாடகங்கள் எல்லாம் அறுபதைத் தாண்டி எழுதியவை. நீ இருபத்தாறு வயதில் "காலம் போய்விட்டது மாமா" என்கிறாய்!

மேற்கு ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய 150ஆவது ஆண்டை 1979இல் அரசாங்கம் கோலாகலமாகக் கொண்டாடியது. அந்த ஆண்டே டேவிஸ் 'குல்லார்க்' நாடகத்தைக் கொண்டுவந்தார். 1833இல் சுட்டுக்கொல்லப்பட்டு, தலை அறுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட யாகன் என்ற வீரனை அதில் மேடையேற்றினார். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்து 2023இல் இருநூறு ஆண்டு நிறைந்தது. அதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனம் நடந்தது. அன்று முன்னோர் வந்த அந்தப் பாதையில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்து செத்தவர்களை மேடையில் எழுப்பி நிறுத்த வேண்டியது உன் தலைமுறையின் வேலை.

1985இல் வந்த 'நோ சுகர்' நாடகத்தை நீ கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். 1930களில் நோர்தம் என்ற ஊரில் மில்லிமுரா குடும்பம். ரேசனில் சவர்க்காரத்தை நிறுத்துகிறார்கள். பிறகு சொறி பரவுகிறது என்று சொல்லி எல்லோரையும் மூர் ரிவருக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் தேர்தல் வருகிறது, ஊர் வெள்ளையர்களுக்கு இவர்கள் பக்கத்தில் இருப்பது பிடிக்கவில்லை. 1948இல் குடியுரிமை போய், 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த நமக்கு இது அந்நியக் கதையா?

ஆனால் அந்தக் குடும்பம் அழுதுகொண்டே இருக்கவில்லை. சண்டை பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள், பாடுகிறார்கள், அதிகாரியைப் பழித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். நூங்கார் சொற்கள் வசனத்தில் அப்படியே வருகின்றன. டேவிஸ் யாருக்காகவும் அவற்றை மாற்றவில்லை. கொழுந்து குறைந்து அரைப் பேர் போட்டு அரைக் கூலி தந்த அன்று உன் அத்தை லயத்துக்கு வந்து பேசுவாளே, அதை எந்த நல்ல தமிழில் எழுதுவாய்? 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளையே லயத்துப் பாட்டுக்குக் காதுகொடுத்து, அவற்றைச் சேகரித்து நூலாக்கினார்.

பிரதியில் திருத்த வேண்டியது வேறு இருக்கிறது. உன் நாடகத்தில் கங்காணி வெறும் அரக்கனாக வந்து போகிறான். 'நோ சுகர்' நாடகத்தில் பில்லி என்று ஒரு பூர்வகுடிக் காவலாள் வருகிறான். அதிகாரியின் ஏவலுக்குச் சொந்த சனத்தையே சவுக்கோடு விரட்டுகிறவன். அவனும் ஒரு காட்சியில் உட்கார்ந்து, தன் சனம் கூட்டமாகக் கொல்லப்பட்ட கதையைச் சொல்கிறான். அதற்குப் பிறகு அவனை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. உன் கங்காணிக்கும் அப்படி ஒரு காட்சி எழுது. பெண்களையும் அழ மட்டும் வைக்காதே. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவர்கள் கேட்கிற கேள்விகளை நீ சின்ன வயதிலிருந்து கேட்டவன்.

மண்டபம் கிடைக்கவில்லை என்ற கவலையும் வேண்டாம். 'நோ சுகர்' முதலில் பெர்த் நகரில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் நடந்தது. காட்சி மாற மாற, பார்ப்பவர்களும் இடம் மாறிப் போய்ப் பார்த்தார்கள். நமக்கு அது புதிதா? விடிய விடிய தப்புச் சத்தத்துக்கு நடுவில், ரதியும் மன்மதனும் வீடு வீடாகப் போக, ஊரே பின்னால் நடக்கிற காமன் கூத்து நம்முடையது. ரதி வேசத்தில் நீ ஒப்பாரி வைத்தபோது கிழவிகள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். டேவிஸும் தன் 'தி ட்ரீமர்ஸ்' நாடகத்தில் வொர்ரு என்ற கிழவராகத் தானே நடித்தார். உன் நாடகத்திலும் நீயே இறங்கு.

மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுகிறார்கள். லீவு போட்டுவிட்டு வா. காமன் மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது, பாட்டு மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள். வரும்போது பழைய பிரதியையே கொண்டு வா, காமன் பொட்டலில் படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா